கட்டிங் மெஷின் ஓட்டும் எனக்கு மாரியம்மன் காட்டிய கருணை

மாரியம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களுக்கு வணக்கம். என் பெயர் மலர்க்கொடி. நெய்வேலியிலிருந்து முத்தாண்டிக்குப்பம் போகிற ரோட்டோரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன கிரில் பட்டறை இருக்கிறது. எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வருஷம் சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என் வீட்டுக்காரர் சேகரின் வலது கண்ணில், இரும்பு வெட்டுகிற டிஸ்க் உடைந்து ஒரு துண்டு பாய்ந்தது.

அவர் நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் பன்னிரண்டு வருஷம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். பர்மனென்ட் ஆகும் என்று காத்திருந்தே வயது போய்விட்டது. அதன் பிறகுதான் இந்தப் பட்டறை. மெஷின் கைப்பிடியை மேலிருந்து இறக்கினால் பதினான்கு அங்குல டிஸ்க் சுழன்றுகொண்டே இரும்பை வெட்டும். டிஸ்க்கை மூடியிருக்கும் கார்டு இடைஞ்சலாக இருக்கிறது என்று அவர் அதைக் கழற்றி வைத்திருந்தார். அன்றைக்கு வெட்டியது சின்னத் துண்டு. கிளாம்பில் இறுக்காமல் கையாலேயே பிடித்தார். துண்டு திரும்பியது, டிஸ்க் சிக்கியது, உடைந்தது. கண்ணாடியும் போடவில்லை.

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். "கண்ணை எடுக்காம காப்பாத்தப் பாக்குறோம்மா. பார்வையைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். வராந்தாவில் உட்கார்ந்து நான் கேட்டது ஒன்றுதான். கண்ணைக் கொடு தாயே.

கண் தங்கியது. பார்வை வரவில்லை. வெளிச்சம் தெரிகிறது, ஆள் முகம் தெரியவில்லை. இவ்வளவு கேட்டும் பாதிதானா என்று எனக்கு அவள் மேல் கோபம். அதிலிருந்து கோயில் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை விளக்குகூட ஏற்றவில்லை. விடிந்ததும் காடாம்புலியூருக்கு முந்திரி உடைக்கப் போவேன், மதியம் திரும்புவேன், சோறாக்குவேன், படுப்பேன். பட்டறை பூட்டியே கிடந்தது. ஒற்றைக் கண்ணால் அவருக்குத் தூரம் சரியாகப் பிடிபடவில்லை. பக்கத்துப் பட்டறையில் மெஷின் சத்தம் கேட்டாலே எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார்.

ஆடி மாதம் ஒருநாள் அவரிடம் சொன்னேன். "நான் வெட்டறேங்க."

"நீ அதத் தொடாத மலரு."

"அப்ப சொல்லிக் குடுங்க. எதெல்லாம் செய்யாம வுட்டீங்களோ, அத்தனையும் சொல்லுங்க."

அவர் எழுந்து போய் மூலையில் கிடந்த கார்டை எடுத்து வந்தார். "மொதல்ல இத மாட்டு" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். மெஷின் ஆடாமல் சமமாக நிற்க வேண்டும். டிஸ்க் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். டிஸ்க்கில் போட்டிருக்கும் வேகம் மெஷினுடைய வேகத்துக்குக் குறையக் கூடாது. காலாவதித் தேதி பார்க்க வேண்டும். கீறலோ ஈரமோ இருந்தால் ஓடும்போது வெடிக்கும், தூக்கிப் போட வேண்டும். நீளமான பைப் என்றால் மறுமுனைக்கும் அதே உயரத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். பொறி பறக்கிற பக்கம் முந்திரிச் சருகோ பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பாவோ இருக்கக் கூடாது. சேலை முந்தானையை இழுத்துச் செருகி, மேலே அவருடைய பருத்திச் சட்டையைப் போட்டு, தலைமுடியை முடிந்து, கண்ணாடியும் முகக் கவசமும் மாட்டிக்கொண்டேன். வளையலைக் கழற்றச் சொன்னார். வாட்சும் கூடாது என்றார்.

"புது டிஸ்க் போட்டா ஒரு நிமிஷம் சும்மா ஓட வுடணும். அப்ப டிஸ்க்குக்கு நேரா நிக்காத. சைடுல நவுந்து நின்னுகினு இரு."

"வாட்ச் இல்லாம ஒரு நிமிஷம்னு எப்பிடிங்க தெரியும்?"

"எதையாவது எண்ணு."

மெஷினைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்று, இரண்டு வரவில்லை. வாயில் வந்தது 'மாரியாத்தா துணை'. ஐம்பது தடவை சொன்னேன். அவள் மேல் கோபமாக இருந்தவள்தான் நான். ஆனால் பயத்தில் வேறு யாரையும் கூப்பிடத் தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் வேண்டிக்கொண்டேன். போன கண்ணைக் கேட்கவில்லை தாயே. நான் அலுத்துப் போய் நிற்கிற அன்றைக்கு என்னைப் பார்த்துக்கொள். இது மட்டும்தான் கேட்டேன். ஏனென்றால் நான் அலுக்காத நாளே இல்லை.

கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வெறித்தது. காலையிலிருந்து முந்திரி உடைத்துவிட்டு மூன்று மணிக்குப் பட்டறைக்கு வந்தேன். அவர் தம்பியோடு கண் காட்டப் பாண்டிச்சேரி போயிருந்தார். வீட்டில் யாரும் இல்லை. ஒரு டீச்சர் வீட்டு ஜன்னல் கிரில் பாக்கி. டிஸ்க் தேய்ந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கி, அலமாரியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினேன். கூரை ஒழுகி, டிஸ்க் இருந்த அட்டைப்பெட்டி நனைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பார்க்கச் சொல்லியிருந்தார். பார்க்கவில்லை. என் தப்பை நானே சொல்கிறேன்.

பைப்பை இறுக்கினேன். பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டேன். சீக்கிரம் முடித்துப் படுக்க வேண்டும் என்று கை நேராகக் கைப்பிடிக்குப் போனது. ஆனால் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. மாரியாத்தா துணை, மாரியாத்தா துணை. வாய் ஆரம்பித்ததும் கால் பழக்கத்தில் இடது பக்கம் நகர்ந்தது. நான் நினைத்து நகரவில்லை.

இருபதுகூடச் சொல்லியிருக்க மாட்டேன். டிஸ்க் வெடித்தது.

பெரும்பாலான துண்டுகளைக் கார்டு தாங்கிக்கொண்டது. ஒரு துண்டு மட்டும் முன்பக்கமாகப் பறந்து, நான் வழக்கமாக நிற்கிற இடத்துக்குப் பின்னால் இருந்த தகரத்தைக் கிழித்தது. என் நெஞ்சு உயரம். பக்கவாட்டிலேயே நடந்து போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அழக்கூடத் தெம்பு இல்லை.

சாயங்காலம் அவர் வந்தார். தகரத்து ஓட்டையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

"நவுந்து நின்னியா?"

"நான் நவுரலிங்க. அவதான் நவுத்தினா."

வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குக் கிளம்பியபோது அவரும் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கோயில் படி ஏறும்போது உயரம் தெரியாமல் தடுமாறினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

இப்போது கூரையை மாற்றிவிட்டோம். டிஸ்க்குகள் வீட்டுக்குள், சாமி மாடத்துக்குக் கீழே காய்ந்த இடத்தில் இருக்கின்றன. அவர் அளந்து கோடு போடுகிறார், நான் வெட்டுகிறேன். உடம்பு முடியாத நாளில் மெஷினைத் தொடுவதில்லை. கிரில் கேட்டு வருகிறவர்களிடம், "இன்னிக்கு அலுப்பா கீதுங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் அப்படிச் சொல்லத் தெரியாது.

கண்ணை ஏன் முழுசாகத் தரவில்லை என்று சில நாள் இன்னும் கேட்கத்தான் செய்கிறேன். பதில் வரவில்லை. கேட்பதை அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல அலுத்தவர்கள் நிறைய இருப்பீர்கள். பெரிதாக ஒன்றும் கேட்கத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, பேரை மட்டும் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடியை மாட்டுங்கள், கார்டைக் கழற்றாதீர்கள், செய்ய வேண்டியதையெல்லாம் செய்யுங்கள். செய்கிறவர்களுக்கு மட்டும்தான் அவள் துணை என்று நான் சொல்ல மாட்டேன். நான் செய்யாமல் விட்ட அன்றைக்குத்தான் எனக்கு வந்தாள்.