நீலாம்பரி ஸ்நோ, ஒரு டஜன்

இதைக் கதையாக யாரும் படிக்க வேண்டாம். எனக்கு நடந்ததை, நடந்த வரிசையில் எழுதுகிறேன். பேய் என்றாலே நடுராத்திரி, அமாவாசை, சுடுகாடு என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை மதியம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

என் பெயர் ஞானதாஸ். திண்டுக்கல்லில் ஒரு மொத்த மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். மாத்திரை, ஊசி மருந்தோடு சோப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய் எல்லாம் அங்கிருந்துதான் சுற்றுப்பட்டுக் கடைகளுக்குப் போகும். ஒரு காலத்தில் தோல் அடுக்கி வைக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டடம். நீளமாக, இருட்டாக இருக்கும். வரிசையாக இரும்பு ரேக்குகள். கடைசியில் மரப் பரண்.

எங்கள் தொழிலில் 'பில் கூப்பிடுவது' என்று ஒன்று உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒருவர் மேசையில் நின்று பில்லைச் சத்தமாகப் படிப்பார். இன்னொருவர் ரேக்குகளுக்கு நடுவே போய், அந்தச் சரக்கில் கை வைத்து "இருக்கு" என்பார். பிறகு "அடுத்தது?" என்று கேட்பார். கடைசியில் கூப்பிட்டவர் "முடிஞ்சது" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் சரக்கு எடுத்தவர் மேசைக்கு வருவார். கூப்பிட்டவர் பக்கத்தில் நின்று பெட்டி கட்டுவார். எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம்.

அந்தக் கடையில் நான் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சேர்ந்த அன்றே முதலாளி முகமது யாசின் பாய் ஒரே ஒரு கட்டளை போட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில், அவர்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருக்கும்போது, பில் கூப்பிடக் கூடாது. தொழுகைக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

அன்றும் பன்னிரண்டே முக்காலுக்கு எல்லோரும் கிளம்பினார்கள். சரக்கு எடுக்கிற பீர் முகமது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தாஸண்ணே, செத்த நேரம் காத்தாடியப் போட்டுக் கண்ண மூடுங்க. ஞாயித்துக்கெழம நீங்க எங்களுக்குச் சேத்து ஜெபம் பண்ணுங்க, இன்னைக்கு உங்களுக்குச் சேத்து நாங்க தொழுதுட்டு வாரோம்."

ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் வந்தது. சாணார்பட்டியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. அங்கே மருந்தகம் பார்க்கும் சண்முகவள்ளி பேசினார். குரல் பதறியது.

"அண்ணே, பூப்பறிக்கப் போன பொம்பள, பேச்சாயின்னு பேரு. கண்ணாடி விரியன் கடிச்சிருச்சு. எங்ககிட்ட இருந்த மருந்தெல்லாம் ஏத்தியாச்சு, பத்தல. இன்னும் பத்து குப்பி வேணுங்குறாரு டாக்டரு. ஒன்னு முப்பத்தஞ்சு நத்தம் பஸ்ஸுல ஏத்தி விட்ருங்கண்ணே. அத விட்டா அடுத்த பஸ்ஸுக்கு அந்தப் பொம்பள தாங்காது."

பாய்க்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார்.

விஷமுறிவு மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தேன். சலைன், அட்ரினலின், பஞ்சு என்று அவர் கேட்ட மற்றதையும் ஓடி ஓடிப் பொறுக்கி மேசையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். மணி ஒன்று பதினெட்டு. பில்லை எழுதிவிட்டேன். ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் போதும். முன்பு வேலை பார்த்த கடைகளையும் சேர்த்துப் பதினேழு வருடப் பழக்கம். வாய் படிக்காமல் என் கண் சரிபார்க்காது. உயிர் போகிற விஷயத்தில் ஒன்று மாறிப் போய்விட்டால்?

கூப்பிட்டேன்.

"விஷமுறிவு மருந்து, பத்து."

"இருக்கு."

குளிர்பெட்டிப் பக்கமிருந்து வந்தது. அவ்வளவு இயல்பாக வந்ததால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பீர் முகமது திரும்பி வந்துவிட்டார் போல என்று நினைத்தேன்.

"சலைன், ஆறு."

"இருக்கு. அடுத்தது?"

தொண்டை கட்டிய குரல். பீர் முகமதுவுக்குச் சளி பிடித்திருக்குமோ...

"அட்ரி—"

"இருக்கு."

நான் பெயரை முடிக்கவே இல்லை.

தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றாமல் யாரும் உள்ளே வர மாட்டோம். வாசலில் ஒரு ஜோடிதான் கிடந்தது.

என்னுடையது.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசவில்லை. ரேக்குகளுக்கு நடுவே, மேல் தட்டுச் சரக்கை எடுக்க ஏறும் இரும்பு ஸ்டூல் தரையில் உரசியது. கர்ர்ர்ர்... நின்றது. மறுபடி, இன்னும் கிட்டத்தில். கர்ர்ர்ர்...

"அடுத்தது?"

நான் சும்மா இருந்தால் அது என்னை நோக்கி வந்தது. பெயர் சொன்னால், அந்தச் சரக்கு இருக்கும் ரேக்குக்குப் போனது. அது எனக்குப் புரிந்த நேரத்தில் வாய் தன்பாட்டுக்கு அடுத்த வரியைப் படித்துவிட்டது.

"பஞ்சு, இரண்டு."

பஞ்சு வைக்கும் இடம் ஷட்டரை ஒட்டி.

என் பக்கவாட்டில் காற்றுக் கடந்து போனது. ஈரத் தோல் வாடை. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"இருக்கு."

இப்போது அது வாசலில் நின்றது. எனக்கும் வெயிலுக்கும் நடுவில்.

"அடுத்தது?"

பில் தீர்ந்துவிட்டது. நான் சொல்ல வேண்டிய ஒரே சொல் "முடிஞ்சது". நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால்... சரக்கு எடுத்தவர் மேசைக்கு வருவார். என் பக்கத்தில் நிற்பார்.

வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டூல் உரசியது.

மணி ஒன்று இருபத்தேழு.

"பேபி பவுடர், நானூறு கிராம்," என்றேன். அது பரணில் இருக்கும் சரக்கு. கடைசிக் கோடி.

ஏணி முனகியது. நான் பெட்டியைத் தூக்குவதற்குள்ளாகவே மேலிருந்து "இருக்கு" என்றது. ஏணி மறுபடி முனகியது. இறங்கிக்கொண்டிருந்தது.

இருக்கிற எதைக் கேட்டாலும் உடனே திரும்பிவிடும். இல்லாத ஒன்றைத்தான் கேட்க வேண்டும். எந்த ரேக்கிலும் இல்லாத ஒன்று. என் சின்ன வயதில் கடைகளில் விற்ற ஒரு முகப்பூச்சு ஞாபகம் வந்தது. நீல மூடி. அந்தக் கம்பெனியை மூடிப் பல வருடம் ஆகிறது.

"நீலாம்பரி ஸ்நோ... ஒரு டஜன்."

"இருக்கு" வரவில்லை.

பிறகு பரணில் ஒரு பெட்டி நகர்ந்தது. இன்னொன்று. வேகமாக. எதையோ தேடுகிற அவசரம்.

பெட்டியை அணைத்துக்கொண்டு ஓடினேன்.

ஷட்டருக்கு அடியில் முழங்கால் சிராய்க்கப் புகுந்தேன்.

வெயில்.

கடை முக்கில் நின்று பெட்டிக்கு நானே டேப் ஒட்டினேன். ஒட்டும் முன் உள்ளே ஒவ்வொன்றையும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. நத்தம் பஸ் வந்தது. கண்டக்டர் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

பள்ளிவாசலிலிருந்து திரும்பிய பாய், எதிரே டீக்கடையில் நான் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கடைக்குள் போகாமல் நேராக என்னிடம் வந்தார்.

"கூப்பிட்டியா, தாஸு?"

தலையாட்டினேன். பாம்புக்கடி விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"முடிஞ்சதுன்னு சொன்னியா?"

"இல்ல பாய்."

"என்ன சரக்கு பாக்கி நிக்கிது?"

சொன்னேன். இந்தக் கட்டளை அவருக்கு அவருடைய தகப்பனார் போட்டதாம். காரணம் அவருக்கும் சொல்லப்படவில்லை. "கூப்பிட்ட பில்ல நாங்க யாரும் இதுவரைக்கும் பாதியில விட்டதில்ல," என்றார்.

சாயங்காலம் சண்முகவள்ளி போன் செய்தார். மருந்து நேரத்துக்கு வந்துவிட்டது, பேச்சாயி கண் விழித்துவிட்டாள் என்றார். அப்பாடா என்று இருந்தது. போனை வைக்கப் போனவர், "ஒரு நிமிஷண்ணே," என்றார்.

"பெட்டியில ஒரு ஸ்நோ டப்பா கெடக்கு. நீல மூடி. பில்லுல இல்லயே, திருப்பி அனுப்பவா?"

அது முதலாவது.

அடுத்த வெள்ளி, மேசை மேல் ஒன்று. அதற்கடுத்த வெள்ளி, என் சைக்கிள் கூடையில். எல்லாம் புத்தம் புதுசு, சீல் உடையாதது. நான்காவது வாரம், நான்காவது டப்பா ஷட்டர் ஓரத்தில் வந்து கிடந்த அன்று, பாய் என்னோடு வந்து நின்றார். ஜும்மாவை அவர் விட்டு நான் பார்த்தது அன்றுதான். ஷட்டருக்கு வெளியே நின்றபடியே, "முடிஞ்சது," என்று உள்ளே கத்தினேன்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"இன்னும் எட்டு."

பாயும் கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றோடு அந்த வேலையை விட்டேன்.

ஐந்தாவது என் வீட்டு வாசற்படியில் இருந்தது. ஏழாவது சமையலறை அலமாரியில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில். என் மனைவி தீபாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு தொப்பம்பட்டியில் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்பதாவது இங்கே வந்தது. போன வெள்ளி வந்தது பதினொன்றாவது. நான் படுத்திருந்த பாயில், என் தலையணைக்கும் மகள் தலையணைக்கும் நடுவில். தலையணை உறை ஈரமாக இருந்தது. தோல் வாடை.

போன மாதம் பேச்சாயி ஒரு பந்து மல்லிகைப் பூ கொடுத்து அனுப்பியிருந்தாள். அதனால் அன்றைக்குக் கூப்பிட்டது தப்பு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். தீபாவையும் பிள்ளையையும் மட்டும் இன்று காலையில் அவளுடைய அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கூப்பிட்டவன் நான் ஒருவன்தான்.

இன்று வியாழன். வெளியே மழை. நாளை மதியம் டஜன் நிறைந்துவிடும்.

நிறைந்ததும் அது "அடுத்தது?" என்று கேட்கும். இல்லாத சரக்கு இனி எதுவும் இல்லை. எதைக் கேட்டாலும் அது கொண்டுவரும். ஆகவே நாளை நான் "முடிஞ்சது" என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

சொன்னால் சரக்கு எடுத்தவர் மேசைக்கு வருவார். கூப்பிட்டவர் பக்கத்தில் நிற்பார்.

அதுதான் எங்கள் தொழில் வழக்கம்.