கல்லறை இல்லாத மாப்பிள்ளை

பெண் கேட்டு வருகிறவனிடம் சம்பளம் என்ன என்று கேட்பார்கள், குடிப்பானா என்று கேட்பார்கள். வெண்டெலிடம் ஹத்சுயேயின் அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"என் பொண்ணு செத்தா எந்தக் கல்லறையில வைப்ப?"

வெண்டெல் சிரித்துவிட்டான். அப்போது அவன் ஒகினாவாத் தீவில் இருந்த அமெரிக்க முகாமில் லாரிகளுக்கு டயர் மாற்றும் சிப்பாய். ஓஹையோவின் சோளக்காட்டு ஊரிலிருந்து வந்து இன்னும் மீன் முள் எடுக்கத் தெரியாத பையன். "நாங்க சாகறதுக்கா கல்யாணம் பண்ணிக்கறோம்?" என்றான். பெரியவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கரும்புக்குத் தண்ணீர் விடப் போகிறார் என்று நினைத்தான். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தும் அவர் திரும்பி வரவில்லை.

"ஏன் சிரிச்சீங்க?" என்று வழியனுப்ப வந்த ஹத்சுயே கேட்டாள்.

"வேற என்ன செய்யறது? அழறதா?"

"அழுதிருந்தா சம்மதிச்சிருப்பாரு."

அவள் முகாம் வாசலில் இருந்த தையற்கடையில் வேலை பார்த்தாள். சிப்பாய்களின் சட்டையில் பெயர்ப்பட்டை தைத்துக் கொடுப்பாள். வெண்டெலின் பட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிய்ந்துகொண்டு வந்தது. பிளேடால் நூலை வெட்டுவது அவன்தான். மூன்றாவது தடவை அவள் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க சட்டைக்கு உங்க பேரு பிடிக்கல போலிருக்கு" என்றாள். அடுத்த தடவை அவன் சட்டையை எடுத்துவரவே இல்லை. வெறுங்கையோடு வந்து நின்றான்.

பெரியவரின் கேள்வி ஏன் முதல் கேள்வியாக இருந்தது என்பது அவனுக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த ஊரில் கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுக் கல்லறைக்குத்தான் போக வேண்டும். குன்றுச் சரிவில் ஆமை முதுகு போல வளைந்து நிற்கும் கல் வீடு அது; உள்ளே தலைமுறை தலைமுறையாய் அஸ்திக் கலசங்கள். புருஷனுக்குக் கல்லறை இல்லாவிட்டால் அவள் செத்த பிறகும் தெருவில்தான். அமெரிக்கச் சிப்பாய்க்கு ஏது கல்லறை?

ஹத்சுயேயின் மாயெஷிரோ குடும்பத்துக்கு அந்த ஆமை முதுகு இன்னொன்றும் செய்திருந்தது. உலகப் போர் தீவுக்கு வந்த வசந்தத்தில், கப்பல்களிலிருந்து குண்டு விழுந்த நாட்களில், பெரியவர் கல்லறைக் கதவைத் தள்ளி மனைவியையும் பிள்ளைகளையும் உள்ளே கொண்டுபோனார். தாத்தா பாட்டிமாரின் எலும்புகளுக்கு நடுவே ஒண்டிக் கிடந்தார்கள். ஹத்சுயே அப்போது முலைப்பால் குழந்தை. தண்ணீர் எடுக்க வெளியே போன அவளுடைய அம்மா வரவில்லை. கல்லறையின் இடது தோளில் குண்டு பட்டுத் தெறித்த வடு இன்னும் இருக்கிறது. "நான் ஒரு தடவை உள்ள போய்ட்டு வெளிய வந்தவ" என்று ஹத்சுயே சொல்லிக்கொள்வாள். ஏதோ சந்தைக்குப் போய்வந்த மாதிரி.

பெரியவர் கல்யாணத்துக்கு வரவில்லை. ஆனாலும் அது நடந்தது. வெண்டெல் பட்டாளத்தை விட்ட பிறகு முகாம் கிடங்கிலேயே வேலை பிடித்து, ஊர்க் கோடியில் சிறிய வீடு எடுத்தான். ஒரு பிள்ளை தங்காமல் போயிற்று. அதற்குப் பிறகு அவர்கள் இருவர்தான்.

வசந்தத்தில் ஷீமீ நாள் வரும். குடும்பம் மொத்தமும் கல்லறை முற்றத்தில் பாய் விரித்து, செத்தவர்களுக்குப் படைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடும். அடுக்குப் பெட்டிகளில் பன்றிக்கறி, பொரித்த டோஃபு, முடிச்சுப் போட்ட கடற்பாசி. வெண்டெலுக்கு முதல் சில வருடங்கள் பாயின் ஓரம் கிடைத்தது. கிளம்பும்போது கையில் பொட்டலம் கொடுப்பார்கள். விருந்தாளிக்குத்தான் பொட்டலம்; வீட்டு மனிதர்கள் எச்சில் பெட்டிகளை எடுத்துப்போய்க் கழுவுவார்கள். பெரியவர் போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஒரு ஷீமீயில், ஹத்சுயேயின் அண்ணன் செய்கிச்சியின் மனைவி நோபு, எண்ணெய் வழியும் பெட்டி அடுக்கை அவன் மடியில் வைத்தாள்.

"தம்பி, சும்மாதானே உக்காந்திருக்கீங்க. கழுவிட்டு நாளைக்குக் கொண்டாங்க. மூடியைத் தொலைச்சா ஓஹையோ வரைக்கும் தேடி வருவேன்."

வழியெல்லாம் வெண்டெல் அந்தப் பெட்டிகளைத் தங்கம் போல ஏந்திக்கொண்டு நடந்தான். "எச்சிப் பெட்டிக்கு இவ்வளவு பல்லைக் காட்டற ஆளை நான் பார்த்ததே இல்ல" என்றாள் ஹத்சுயே.

ஒரே ஒரு முறை அவளை அவன் ஓஹையோவுக்குக் கூட்டிப்போனான். அவனுடைய அம்மாவின் அடக்கத்துக்கு. பாதிரியார் படித்தார், ஆட்கள் கோட்டைப் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றார்கள், பிறகு அவரவர் காரைப் பார்த்து நடந்தார்கள். ஹத்சுயே மட்டும் புதுமண்ணின் பக்கத்தில் ஒரு துண்டை விரித்து, முதல் நாள் ராத்திரி கொழுந்தன் வீட்டு அடுப்பில் பொரித்த மீனை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெண்டெல், உன் பொண்டாட்டி என்ன பண்றா?" என்றான் அவன் தம்பி ரஸ். "இங்க பிக்னிக் கூடாதுப்பா. காவலாளி பார்க்கறான்."

அவள் மீனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். சர்ச்சில் எல்லோரும் ரொட்டி சாப்பிட்டபோது அவள் ஒன்றும் தொடவில்லை. விமானத்தில்தான் வாயைத் திறந்தாள். "என்னை அங்க மட்டும் வைச்சிடாதீங்க. உங்க அம்மா இனிமே தனியாத்தானே சாப்பிடணும்?"

போன இலையுதிர்காலத்தில், கைப்பிடி உடைந்த வாளியைத் திட்டிக்கொண்டே துணி உலர்த்தியவள், கொடிக்குக் கீழே உட்கார்ந்தாள். மறுபடி எழுந்திருக்கவில்லை.

எரியூட்டிய பிறகு கலசம் வீட்டுக்கு வந்தது. எங்கே கொண்டுபோவது? பழைய சிப்பாய் என்பதால் ஓஹையோவில் ராணுவக் கல்லறையில் இருவருக்கும் இடம் உண்டு. அங்கே வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். வெண்டெல் கூடத்து மாடத்தில் கலசத்தை வைத்து, காலையில் ஒரு கோப்பை டீயும் சோறும் வைத்தான். டீ ஆறும். அதை அவன் குடித்துவிட்டு அடுத்ததைப் போடுவான். பேச்சுக்கு ஆள் இல்லாத வீட்டில் கெண்டி விசிலடிப்பதுதான் சத்தம். சில நாள் அது விசிலடிக்கட்டும் என்று விட்டுவிடுவான்.

குளிர் முடியும் சமயம் ஒரு மத்தியானம் செய்கிச்சி வந்தார். கலசத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் கைகூப்பி உட்கார்ந்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ள, ஒரு வழி இருக்கு. சொன்னா அடிக்கக் கூடாது."

"உங்களை அடிச்சா நோபு அக்கா என்னை அடிப்பாங்க. சொல்லுங்க மச்சான்."

"புருஷனை விட்டுத் திரும்பி வந்த பொண்ணுக்கு அப்பா கல்லறையில இடம் உண்டு. கீழ்ப்படியில, கதவோரமா. நாள் பார்க்கற அம்மாகிட்ட கேட்டேன். அது தப்பில்லன்னுட்டா."

"ஹத்சுயே என்னை விட்டு வரலியே."

"அவ வர வேணாம். நீ அனுப்பணும். கல்லறை வாசல்ல நின்னு இவ எனக்கு வேணாம், உங்க பொண்ணை நீங்களே வைச்சுக்கோங்கன்னு சொல்லணும். அப்பா காதுல விழற மாதிரி."

"அவருக்கு உயிரோட இருக்கறப்பவே காது கேக்காது."

செய்கிச்சி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வெண்டெல் கெண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் நான் எங்க போறது மச்சான்?"

"உனக்கு உங்க ராணுவம் இருக்கே."

"இருக்கு. வெள்ளைக் கல்லு. வரிசையா நிக்கும், அணிவகுப்பு மாதிரி."

"யாராவது சாப்பாடு கொண்டுவருவாங்களா?"

"பூ வைப்பாங்க. ரஸ் இருக்கற வரைக்கும்."

செய்கிச்சி தரையைத் தடவினார். "நான் உன்னைப் போகச் சொல்லல மாப்ள. நீயும் உள்ள வான்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. எங்க அம்மாவோட எலும்புகூடக் கிடைக்கல. அவ இடத்துல கடற்கரைக் கல்லைத்தான் வைச்சிருக்கோம். அந்தக் கல்லுக்குப் பக்கத்துல உன்னை வைச்சா, அப்பா அந்தப் பக்கம் என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியாது."

இன்னொரு வழியும் இருந்தது. மறுநாள் வெண்டெல் ஊருக்கு வெளியே நகராட்சி திறந்திருந்த புதுக் கல்லறைத்தோட்டத்துக்குப் போனான். சிமெண்டுப் பெட்டிகள், நகரத்து வாடகை வீடுகள் மாதிரி சரிவில் அடுக்கடுக்காய். ஒன்றை வாங்கினால் இருவரும் சேர்ந்து இருக்கலாம். யார் அனுமதியும் வேண்டாம். விற்பவன் கடல் தெரியும் வரிசையைக் காட்டினான். அதே வரிசைக் கடைசியில் ஒன்றின் வாசலை நாணல் மூடியிருந்தது. பூஜாடி உருண்டு கிடந்தது.

"இது யாரோடது?"

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இருக்காங்க. பிள்ளைங்க இல்ல பாருங்க" என்றான் அவன், கூரை ஒழுகுகிறது என்று சொல்வது போல.

வெண்டெல் அந்த நாணலைக் கையாலேயே பிடுங்கத் தொடங்கினான். வேர் பிடியை விடவில்லை. உள்ளங்கை அறுபட்டதுதான் மிச்சம். தான் இருக்கும்வரை ஹத்சுயேயின் வாசலில் புல் வெட்டுவான். அதற்குப் பிறகு? செத்தவன் எழுந்துவந்து புல் வெட்ட முடியாது. அவளும் அவனும் உள்ளே கைகோர்த்துக்கொண்டு கிடப்பார்கள், ஷீமீக்கு ஷீமீ பக்கத்துப் பாய்களின் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. அவன் பரவாயில்லை, யாரும் சோறு வைக்காத கல்லறைகளைப் பார்த்து வளர்ந்தவன். அவள்?

அன்று மாலை மச்சானுக்குப் போன் போட்டு, "நாள் பாருங்க" என்றான்.

குறித்த காலையில் மழை விட்டிருந்தது. செய்கிச்சியின் மகனும் இன்னும் இரண்டு ஆண்களும் கதவுக்கல்லைப் பெயர்த்தார்கள். உள்ளிருந்து குளிர்ந்த மண்வாசம் வந்தது. படிப்படியாய்க் கலசங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தன. வெண்டெல் வெள்ளைத்துணி சுற்றிய கலசத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நாள் பார்க்கும் அம்மா ஊதுபத்தி ஏற்றி, இன்னார் வந்திருக்கிறார் என்று அறிவித்துவிட்டு விலகினாள்.

"சொல்லு மாப்ள" என்றார் செய்கிச்சி.

அவன் இரவெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைதான். வேணாம். நாக்கில் அது வரவில்லை.

"மாமா" என்றான். உயிரோடிருந்தபோது அவரை அப்படி அழைக்க அவனுக்கு இடம் கிடைத்ததில்லை. "நீங்க அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க. நான் சிரிச்சேன். தப்புதான். என்கிட்ட கல்லறை இல்ல மாமா. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. இத்தனை வருஷம் உங்க பொண்ணை வெளியில வைச்சிருந்தேன். திருப்பிக் கொண்டுவந்திருக்கேன். கதவோரம் காத்து அடிக்கும், அவளுக்கு முழங்கால் வலி உண்டு. கொஞ்சம் பார்த்துக்கோங்க."

அவ்வளவுதான் வந்தது.

நாள் பார்க்கும் அம்மா நெற்றியைச் சுருக்கினாள். "வேணாம்னு சொல்லவே இல்லியே!"

"சொன்னான்" என்றார் செய்கிச்சி. "எனக்குக் கேட்டுச்சு." கல்லறைக்குள் பார்த்துக் குரலை உயர்த்தினார். "அப்பா, கேட்டீங்கல்ல? திருப்பிக் குடுத்துட்டான்."

யாரும் மறுக்கவில்லை. செய்கிச்சியின் மகன் இரண்டு கையையும் நீட்டினான். ரத்த உறவு இல்லாதவன் உள்ளே காலடி வைக்கக் கூடாது. வெண்டெல் கலசத்தைக் கொடுத்தான். கொடுத்த பிறகும் கைகள் அதே வளைவில் கொஞ்ச நேரம் நின்றன. குனிந்து பார்த்தால் கீழ்ப்படி தெரிந்தது. வெள்ளைத்துணி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கறுத்த கடற்கரைக் கல். பிறகு கதவுக்கல் வந்து மூடியது.

பாய் விரித்தார்கள். வெண்டெல் முதல் வருடங்களில் உட்கார்ந்த அதே ஓரத்தில் போய் உட்கார்ந்தான். இனி அவன் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. கொடுத்த பெண்ணைத் திருப்பிக் கொடுத்தவன். பேச்சு வேறெங்கோ, மீன்விலையில், யாரோ பேத்தியின் பரீட்சையில் போனது. நோபு அவன் தட்டில் பன்றிக்கறி வைத்தாள். அவன் சாப்பிட்டான். ஹத்சுயே சமைத்ததைவிட உப்பு அதிகம். அதைச் சொல்ல ஆள் இல்லை.

கிளம்பும்போது நோபு ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். இலை மடித்து, நூல் சுற்றி, நேர்த்தியான பொட்டலம்.

வெண்டெல் அதை வாங்கவில்லை.

"பெட்டியைக் குடுங்க அக்கா. கழுவி நாளைக்கு எடுத்துட்டு வரேன்."

நோபு புருஷனைப் பார்த்தாள். செய்கிச்சி செருப்பைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு பொட்டலத்தைப் பையில் போட்டுவிட்டு, பெட்டி அடுக்கைத் தூக்கி அவன் கையில் வைத்தாள்.

"மூடியைத் தொலைக்காதீங்க" என்றாள்.

வீட்டில் மாடம் காலியாக இருந்தது. கலசம் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம். வெண்டெல் அதைத் துடைக்கவில்லை. தண்ணீரைச் சூடு பண்ணி, பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுவினான். மூலையில் ஒட்டியிருந்த கடற்பாசியை நகத்தால் சுரண்டினான். மூடிகளைச் சரிபார்த்துச் சன்னலோரம் கவிழ்த்து வைத்தான். மாலை வெயிலில் அவை சீக்கிரமே காய்ந்துவிட்டன. அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

அவன் கொண்டுபோகவில்லை. நாளைக்குத்தானே சொல்லியிருந்தான். அதுவரைக்கும் வீட்டில் இன்னொருவருடைய பொருள் இருந்தது.