கன்னியப்பனின் மூன்றாவது இசைத்தட்டு

காலை 7.10. பாரிமுனையில் காஞ்சிபுரம் பேருந்து. கட்டணம் இரண்டு ரூபாய் இருபது காசு. தூரம் நாற்பத்தேழு மைல் என்று நடத்துனர் சொன்னார். எழுபத்தைந்து கிலோமீட்டர் என்று கல் சொன்னது. என் இடுப்பு சொன்ன கணக்கு இரண்டுக்கும் மேலே.

நான் பாரிமுனையில் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்ப்பவன். இது 1971, மாசி அமாவாசை. பிள்ளையார்பாளையத்து நெசவாளி கன்னியப்பனை மறுநாள் ஒலிப்பதிவுக்குக் கையோடு கூட்டி வரவேண்டும் என்பது முதலாளி உத்தரவு. அவருடைய மூன்றாவது தட்டு அது.

கன்னியப்பனைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் லாவணிக்காரர். ஒரு பக்கம் தோல் போர்த்திய வட்டக் கருவி ஒன்று உண்டு, டேப்பு என்பார்கள். அதை அடித்துக்கொண்டு, சிவனுடைய நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டி வாதாடுவதுதான் லாவணி. கன்னியப்பன் எரியாத கட்சி. ‘மன்மதன் செத்தான் என்றால் அவனுடைய கரும்பு வில் காமாட்சி கைக்கு எப்படி வந்தது?’ என்று கேட்டது அவருடைய முதல் தட்டு. பட்டுச் சேலையும் நைலான் சேலையும் குழாயடியில் போடும் சண்டை இரண்டாவது. இரண்டு குரலையும் ஒரே மூச்சில் பாடியிருப்பார். அந்தத் தட்டைப் போடாத கல்யாண ஒலிபெருக்கி எங்கள் பக்கத்தில் இல்லை.

10.00. காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷா எழுபத்தைந்து காசு. கன்னியப்பன் வீடு என்றதுமே ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“டேப்பு போறதுக்கு முன்னாடி பாத்துடலாம்னு வந்தீங்களா சார்?”

“எங்கே போகுது?”

“முசரவாக்கத்துக்கு. இன்னிக்கு ஏகாம்பரம் வர்றான்ல.”

ஏகாம்பரம் முசரவாக்கத்து லாவணிக்காரர்; இன்று இருவருக்கும் போட்டி. லாவணியில் தோற்றவன் தன் டேப்பை ஜெயித்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். அதே ஆளிடம் பாடி ஜெயித்து அதை மீட்கும்வரை வேறு எந்தச் சபையிலும் வாயைத் திறக்கக் கூடாது. டேப்பைப் பறிகொடுத்தவனை வைத்து எங்கள் முதலாளி தட்டு போடமாட்டார்.

10.30. அமாவாசையில் தறி ஓடாது. தெருவே குளித்து எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தது. கன்னியப்பன் சணல் சாக்கை எரித்து, தோல் இறுக டேப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது; ஒல்லி உடம்பு, பெரிய குரல்வளை. விஷயத்தைச் சொன்னவர் அவர் மனைவி துளசி.

“ஒரே சபையில ஒருவாட்டி பாடின பாட்டை மறுக்கா பாடினா தோல்விதான், அது தெரியும்ல? தட்டுல இருக்கிறதும் பாடினதாத்தான் கணக்குன்னு ஏகாம்பரம் கட்சி சொல்லிடுச்சு. இவரு தலையை ஆட்டிக்கினு வந்துட்டாரு.”

“நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?” என்று கத்தியே விட்டேன்.

“நியாயம்தானே சார்,” என்றார் கன்னியப்பன். “ஊருக்கே தெரிஞ்ச பாட்டைப் பாடி ஜெயிச்சா நல்லாவா இருக்குது?”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. கரும்பு வில் உட்பட, சேர்த்து வைத்திருந்த நல்ல வாதங்களையெல்லாம் தட்டில் ஏற்றிவிட்டார். ஏகாம்பரம் அவற்றைத் தேயத் தேயக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் கட்டி வைத்திருக்கிறாராம். துளசி போட்ட சாம்பார் சாதம் மணமாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

மாலை 4.00. மற்ற நாளில் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருக்கும் வீதியில் பந்தல். நெசவாளர்கள், சரிகைக்காரர்கள், முசரவாக்கத்திலிருந்து இரண்டு வண்டி கட்டி வந்த விவசாயிகள். பெண்கள் ஒரு பக்கம் முழுக்க. ஏகாம்பரம் எரிந்த கட்சி. ஆள் கறுத்து நெடியவர், சிரித்தால் பந்தலே அவர் பக்கம் சாய்கிறது.

முதல் ஒரு மணி நேரம் இருவரும் விளையாடினார்கள். கன்னியப்பன் புதிதாகத்தான் பாடினார். ஆனால் சரக்கு மெலிந்துகொண்டே வந்தது எனக்கே தெரிந்தது. ஐந்தரைக்கு ஏகாம்பரம் எழுந்து நின்று அடித்தார்:

“எரியலேன்னு சொல்லுறியே எங்கே அவன் உடம்பு? – நீ
எடுத்துவந்து காட்டினாத்தான் ஓயும் இந்த வம்பு!
தட்டிலே நீ பாடினதைத் தள்ளி வையப்பா – ஒரு
தடவையாச்சும் புதுசா ஒண்ணு சொல்லிப் போடப்பா!”

முசரவாக்கத்து ஆட்கள் துண்டை வீசினார்கள். கேட்டவர் டேப்பை மூன்று சுற்று அடித்து ஓய்வதற்குள் பதில் வந்தாக வேண்டும். உடம்பு எங்கே என்றால் கன்னியப்பன் சொல்லும் பதில் கரும்பு வில்தான். அது தட்டில் இருக்கிறது. முதல் சுற்று போயிற்று. கன்னியப்பன் தரையைப் பார்த்தார். இரண்டாவது சுற்றில் பெண்கள் பக்கம் பார்த்தார். துளசி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். நான் என் பிழைப்பையும் மறந்து, இந்த மனுஷன் தோற்கக் கூடாது என்று காமாட்சியை வேண்டிக்கொண்டேன். மூன்றாவது சுற்று முடியும் தறுவாயில் கன்னியப்பனின் டேப்பு பொரிந்தது:

“பட்டுச்சேலை பழசானா நெருப்பில் போடுறான் – அந்தப்
பட்டு வெந்து போன பின்னே எதைத் தேடுறான்?
சாம்பலுக்குள் கை நுழைச்சா சரிகை மின்னுது – அந்தச்
சங்கரனார் சுட்டும் ஆசை சாகேன் என்னுது!”

பெண்கள் பக்கம் வெடித்தது. கந்தலான பட்டுச்சேலையை விலைக்கு எடுப்பவன் அதைக் கொளுத்தி, சாம்பலிலிருந்து சரிகை வெள்ளியைப் பிரித்தெடுப்பதை அந்தத் தெருவில் பார்க்காதவர்கள் யார்? உடம்பு எரிந்தது என்று ஒப்புக்கொண்டே எரியவில்லை என்று ஜெயித்துவிட்டார் மனுஷன். சரிகைக்காரர்கள் எழுந்து நின்று இன்னொரு முறை கேட்டார்கள். பாடக் கூடாதே. ஆகவே தெருவே அதைச் சேர்ந்து பாடியது. நானும் பாடினேன். என் குரலுக்கு அன்றைக்கு மன்னிப்பு உண்டு.

இப்போது மூன்று சுற்று கன்னியப்பனுடையது. ஏகாம்பரம் டேப்பைத் தூக்கினார், வாயைத் திறந்தார், தலையை ஆட்டிச் சிரித்துவிட்டார். மூன்றாவது சுற்று முடிந்ததும் நேரே வந்து தன் டேப்பைக் கன்னியப்பன் தோளில் மாட்டினார்.

“நல்லா வச்சிக்கப்பா. பங்குனில வந்து மீட்டுக்கினு போறேன்.”

“வா வா. நீ வராட்டி நான் யார்கிட்ட பாடுறது?”

மாலை 6.30. கன்னியப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீதியைச் சுற்றினார்கள். துளசி என்னைப் பார்த்து, “இப்ப சோறு இறங்குமா சார்?” என்றார். இறங்கியது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை 5.40. சென்னைக்கு முதல் வண்டி. கன்னியப்பன் மடியில் இரண்டு டேப்பு. சுங்குவார்சத்திரம் தாண்டியதும் மனசு கேட்காமல் சொன்னேன்:

“அந்தச் சரிகைப் பாட்டை மட்டும் தட்டில் போடாதீங்க. பங்குனிக்குக் கையில இருக்கட்டும்.”

தட்டு விற்றுப் பிழைப்பவன் நான். என் முதலாளி கேட்டிருந்தால் அங்கேயே சீட்டைக் கிழித்திருப்பார்.

“அதைத்தான் சார் முதல்ல போடணும்,” என்றார் அவர். “போட்டாத்தானே அவன் பதில் கட்டுவான். அவன் கட்டினாத்தானே நான் வேற கட்டுவேன்.”

பாரிமுனையில் எங்கள் கடைக்காரர்கள் வியாபார ரகசியத்தைப் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லமாட்டார்கள். நானும் அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்தவன்தான். இந்த மனிதர் தன் முழு ஆயுதத்தையும் கடையில் தொங்கவிட்டு, எதிரியை வா என்று கூப்பிடுகிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவரைக் கூட்டிப் போகிறவன் நான் என்பதே பெருமையாக இருந்தது.

“ஏகாம்பரம் இந்தத் தட்டை வாங்குவாரா?” என்று கேட்டேன்.

கன்னியப்பன் மடியிலிருந்து முசரவாக்கத்து டேப்பை எடுத்து, விரலால் ஒரு சுண்டு சுண்டினார். முன்சீட்டுக்காரர் தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்தார்.

“வாங்காம இருப்பானா சார்? தட்டுல இதைத்தானே அடிக்கப்போறேன்.”