பனிக் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை

ஒரு பழைய கோட்டுக்காக மகளின் கலியாணத்தைக் குழப்பிக்கொண்ட மனிதர்!

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் நண்பர் பளீல் நானாவைப் பற்றி ஊர் இப்படித்தான் பேசுகிறது. மடவளை பஸ்ஸில் பேசுகிறார்கள். கண்டி மார்க்கெட்டில் பேசுகிறார்கள். நேற்று சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர் என்னிடமே கேட்டார், "அந்த மனுசனுக்கு மூளை கொழம்பிப் போச்சாமே?" என்று.

குழம்பியது யாருக்கு? நான் அன்று அந்த வீட்டில் இருந்தவன். அதனால் சொல்கிறேன். கொஞ்சம் சூடாகத்தான் சொல்வேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

பளீல் நானா துணி வியாபாரி. கடை கண்டி டவுனில், வீடு மடவளையில். மனிதருக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மன் சிப்பாய்கள் பனியில் ஒளிந்துகொள்ளப் போட்ட உடுப்புகளைச் சேர்க்கிறார். முத்திரை சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நாணயம் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மடவளை வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனிக் கோட்டுச் சேர்ப்பவர் இவர் ஒருவர்தான்!

ஜேர்மனியில் இருக்கும் மச்சான் ஒருவர் தேடி அனுப்புவார். பஞ்சு வைத்துத் தைத்த காற்சட்டை. சுட்டுவிரலுக்கு மட்டும் தனி உறை வைத்த கையுறை — துவக்கின் விசையை அழுத்த வேண்டுமே. எல்லாவற்றிலும் பெரியது அந்தக் கோட்டு. ஒரு பக்கம் வெள்ளை, பனிக்கு. திருப்பிப் போட்டால் மறுபக்கம் திட்டுத் திட்டாகப் பச்சையும் மண்ணிறமும், காட்டுக்கு.

"துணிக்காரன் கண்ணுக்கு இது அதிசயம் தம்பி. ரெண்டு பக்கமும் வெளிப்பக்கம். தையல எங்க ஒளிச்சி வெச்சீக்கி எண்டு தேடிப் பாருங்க" என்பார் நானா.

இராணுவ நிறத்தில் ஒரு துணித்துண்டு வைத்திருப்பது நம் நாட்டில் எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று உங்களுக்குத் தெரியும். யுத்த காலத்தில் அந்த நிறத்தில் ஒரு தொப்பியைக்கூட என் அப்பா வீட்டுக்குள் விடமாட்டார். நானா இந்தக் கோட்டுக்காக எத்தனையோ கந்தோர்களில் ஏறி இறங்கி அனுமதி எடுத்தவர். எடுத்த பிறகும் பயம்தான். கண்ணாடி அலுமாரியில் எப்போதும் வெள்ளைப் பக்கம் வெளியே தெரியத்தான் தொங்கவிட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் ருஸ்னாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். ருஸ்னா பார்மசிஸ்ட். மாப்பிள்ளை கட்டாரில் இன்ஜினியர். இரண்டு குடும்பமும் ஏற்கெனவே பேசி முடித்த மாதிரிதான். நாள் குறிப்பது ஒன்றுதான் பாக்கி. எங்களுக்கு முன்னால் வட்டிலப்பம் வந்துவிட்டது. பேச்சும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் கண் அலுமாரியில் விழுந்தது.

"அங்கிள், இது என்ன கோட்?"

அவ்வளவுதான்! நானா எழுந்துவிட்டார். கடைக்கு வருபவர் ஒரு சேர்ட்டைத் தொட்டாலே போதும், அதை அவர் தோளில் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திவிடுகிற மனிதர். வருங்கால மருமகனை விடுவாரா?

"ரெண்டாம் யுத்தத்துல ஜேர்மன்காரன் போட்டது. போட்டுப் பாருங்க மகன். தோள் சரியா நிக்கிதா பாப்பம்" என்று தன் கையாலேயே மாட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அழகாகத்தான் இருந்தது.

"ஹிட்லர்ட ஆமி போட்டதா?" மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. கோட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டான். காட்டு நிறம் வெளியே வந்தது. கூட வந்திருந்த தன் தம்பியின் கையில் போனைக் கொடுத்தான். நெஞ்சை நிமிர்த்தி, வலது கையை முன்னால் நீட்டி... அந்த சல்யூட் இருக்கிறதே, அதை அடித்தான்!

க்ளிக்.

"சும்மா செல்லல்ல அங்கிள். இந்த நாட்டுக்கு ஹிட்லர் மாதிரி ஒருத்தன்தான் சரி. அப்பிடி ஒருத்தன் வந்தாத்தான் இது உருப்படும்."

எல்லாரும் சிரித்தார்கள். "மகனுக்கு எப்பவும் ஸ்ட்ரோங்கான தலைவர்களத்தான் புடிக்கும்" என்றார் அவனுடைய வாப்பா, ஏதோ மகன் பரிசு வாங்கிய மாதிரி.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. சில வருடங்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்து முஸ்லிம் கடைகளுக்கு நெருப்பு வைத்தார்களே — அதில் இதே மாப்பிள்ளையின் பெரியப்பாவுடைய கடையும் சாம்பலானது. அதற்கும் பல வருடங்களுக்கு முன்னால், தமிழர் கடைகளைக் கொளுத்திய ஒரு ஜூலை மாதத்தில், என் சித்தப்பாவின் கடை சாம்பலானது. இவ்வளவும் பட்ட பிறகு இந்தப் பேச்சா?

நான் வாயைத் திறந்தேன். நானா என் முழங்காலை அழுத்திப் பிடித்தார். மகளின் வாழ்க்கையல்லவா? அடங்கிப்போனேன்.

இது அந்தப் பையன் ஒருவனின் வியாதியா? இல்லவே இல்லை. பஸ்ஸில் கேட்கிறேன், பாங்கில் வரிசையில் கேட்கிறேன், படித்தவர்கள் கூடும் கலியாண வீட்டில் கேட்கிறேன் — "ஒரு ஹிட்லர் வரணும்!" சிங்களத்திலும் கேட்கிறேன், தமிழிலும் கேட்கிறேன். இப்படி ஆசைப்படுகிற ஒவ்வொருவரும், வருகிறவன் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுவான் என்றே நினைக்கிறார்கள். இவர்கள் வீட்டு விலாசம் அவனுக்குத் தெரியாதாமா?

அப்போதுதான் உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு ருஸ்னா வந்தாள். கையில் தேநீர்த் தட்டு. தட்டை வைத்தாள். போகவில்லை.

"அத தெச்சது யாரு எண்டு வாப்பா சென்னாங்களா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டாள்.

"ஏதாவது ஜேர்மன் கொம்பனியா இரிக்கும்."

"இந்தக் கோட்ட யார் தெச்சது எண்டு எங்களுக்கு தெரியா. ஆனா இப்பிடி உடுப்புகள நெறைய தெச்சது அடச்சி வெச்சீந்த மனிசருங்க. பொம்பளைங்களும்தான். வேற மார்க்கம், வேற இனம் எண்டு ஊடு ஊடா போய் புடிச்சிக் கொண்டு வந்தவங்க. பனிக்கு கோட் தெச்ச அவங்களுக்கு போட கோட் இல்ல." கோட்டைக் கைகாட்டினாள். "அப்பிடி ஒருத்தன் இங்க வந்தா, மொதல்ல யார்ட ஊட்டுக்கு வருவான்?"

மாப்பிள்ளையின் உம்மாதான் முதலில் வாய் திறந்தார். "இப்பிடியா புள்ள வளத்தீக்கிறீங்க? அவர் தமாஷுக்கு சென்னதுக்கு..."

பளீல் நானா எழுந்தார். ஒரு நிமிடம் மகளைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று, கோட்டின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார்.

"கழட்டிருங்க மகன்."

சத்தம் போடவில்லை. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அவர்கள் தேநீரைத் தொடாமல் போய்விட்டார்கள்.

இதைத்தான் ஊர், பழைய கோட்டுக்காகக் குழம்பிய கலியாணம் என்கிறது! சல்யூட் அடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிரித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேள்வி கேட்ட பெண்ணுக்கு வாய் நீளமாம். கோட்டைக் கழற்றச் சொன்ன தகப்பனுக்கு மூளை குழம்பிவிட்டதாம். எனக்குக் கோபம் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்கள்.

புதன்கிழமை நான் நானாவின் வீட்டில் இருந்தபோது கலியாணத் தரகர் அவருக்குப் போன் எடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் விருப்பமாம். மகள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதுமாம். தமாஷைத் தமாஷாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். நானா போனை மகளிடம் நீட்டினார்.

ருஸ்னா பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"தமாஷ் இல்ல. அவர் ஆசப்பட்டுத்தான் சென்னாரு. நான் திரைக்கு பின்னால நிண்டு அவர்ட மொகத்த பாத்துட்டுத்தான் வந்த."

இந்தப் பெண்ணுக்கு இனி மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள்... கிடைக்காவிட்டால், நஷ்டம் மாப்பிள்ளைகளுக்கு!