உயிரோடு மாட்டிய படம்

ஃபோன் கம்பெனியில் கேமரா பொருத்தும் லைனில் இரண்டு வருஷம் நின்றவள் செல்லக்கனி. நாள் முழுக்கக் கையில் கேமராதான். ஆனால் ஒரு படம் எடுக்க வழியில்லை. சொந்த ஃபோனைக்கூட கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் பழைய கேமரா ஒன்றை வாங்கினாள் என்று கம்பெனி ஹாஸ்டலில் சொல்வார்கள். பிறகு வேலையை விட்டுவிட்டு, பென்னலூரில் தேவராஜன் வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்து ஸ்டுடியோ போட்டாள்.

உடன்குடியிலிருந்து வந்த செல்லக்கனிக்கு விறைப்பாக நிற்பவர்களைக் கண்டால் ஆகாது. ஹாஸ்டல் பெண்களைக் குழாயடியில் சண்டை போடும்போதுதான் எடுப்பாள். வரன் பார்க்கப் படம் கேட்ட ஒரு தாய், வாளியோடு பாய்கிற மகளைப் பார்த்துவிட்டு ஃபோனில் ஏசித் தீர்த்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு என்னவோ அதுதான் பிடித்திருந்தது.

ஒருநாள் வீட்டுக்காரர் தேவராஜனே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

“எனுக்கு ஒரு போட்டோ எட்த்துக் குடும்மா, பெருசா. நான் பூட்டா மாட்டுறதுக்கு. எங்கண்ணன் செத்தப்போ ஆதார் கார்டுலேர்ந்து எட்த்துப் போட்டானுங்க. மாலை போட்ட திருடன் மாரி கீறாரு.”

ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்தார்.

“அண்ணாச்சி, இப்பமே போய்ச் சேந்த மாரில்லா இருக்கிய.”

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெயம் எட்டிப் பார்த்தாள். “சட்டைய மட்டும் பாரு, புது மாப்ள கணக்கா. உள்ள கீற பனியன் என்னைக்குத் தோய்ச்சதுன்னு கேளு.”

தேவராஜன் சண்டைக்குத் திரும்பினார். வாயைத் திறந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பல் போன இடம் தெரியச் சிரித்தவரைச் செல்லக்கனி அப்படியே பிடித்துவிட்டாள்.

ஃப்ரேம் போட்டு வந்ததும் ஜெயம் அதை ஹாலில் மாட்டினாள். இவர் சாகிறவரைக்கும் அது பரணில் கிடந்து தூசி பிடிக்க வேண்டுமா என்பது அவள் கட்சி. வெள்ளிக்கிழமை சாமி படங்களுக்கு வைத்தது போக மீந்த பூவை அவருக்கும் வைத்தாள்.

அன்றைக்கென்று பார்த்து, வாலாஜாபாத்திலிருந்து ஜெயத்தின் அண்ணன் தணிகாசலம் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். முன்பொரு கறி விருந்தில் தேவராஜன் இலையிலிருந்த நல்லி எலும்பு காணாமல் போய், பழி தணிகாசலத்தின்மேல் விழுந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. படியேறியவர் பூ வைத்த படத்தைக் கண்டார். கையிலிருந்த பத்திரிகைத் தட்டு விழுந்தது.

“ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே ஜெயம். மாப்ள, அந்த நல்லிய நான்தான் துன்னேன். மன்ச்சுக்கப்பா.”

அழுகை கேட்டுச் செல்லக்கனி கேமராவோடு ஓடிவந்தாள். ஜெயம் சமையற்கட்டு வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். குலுங்கியது அழுகையால் அல்ல.

குளியலறைக் கதவு திறந்தது. துண்டும் சோப்பு நுரையுமாகத் தேவராஜன் வந்து நின்றார்.

“இன்னொரு தபா சொல்லு மச்சான். தண்ணி சத்தத்துல சரியா கேக்கல.”

“உயிரோட கீறவனுக்கு இன்னாத்துக்குடா பூவு?” என்று தணிகாசலம் தட்டை எடுத்து வீசினார். தேவராஜன் குனிந்தார், துண்டு அவிழப் பார்த்தது. செல்லக்கனி விரலை எடுக்காமல் எடுத்துத் தள்ளினாள். மதியம் இருவரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள்.

இப்போது அக்கம்பக்கத்தார் தங்கள் சாவுப் படத்தை முன்கூட்டியே எடுத்துவைக்க வருகிறார்கள். சண்டை போட வீட்டாள் ஒருவரைக் கூட்டி வரச் சொல்வாள் செல்லக்கனி. அப்படி யாரும் இல்லை என்பவர்களிடம் அவளே ஆரம்பிப்பாள்.