ஒன்றரை அடியைக் காணோம்

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை மின்சார ரசீதில் மட்டும்தான் பார்க்கலாம். மற்றபடி எல்லோருக்கும் அவர் 'அங்குலம்'. நிலம் அளப்பது தொழில். வீடு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இவரைக் கூப்பிடுவார்கள். பழைய பத்திரங்களை ஒன்று விடாமல் படித்து, நாடா பிடித்து அளந்து, யாருக்கு எது சொந்தம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். ஒருவர் சுவர் இன்னொருவர் இடத்துக்குள் போயிருந்தால், தாளில் கடைசியாக ஒரு வரி வரும்: தெரிந்தே செய்ததா, தெரியாமல் செய்ததா. அதைச் சுவர்க்காரரின் முகத்துக்கு நேராகவே கேட்பார். முப்பது வருஷமாக இப்படிக் கேட்டும் இவர் முழுசாக வீடு திரும்புவதுதான் எனக்கு ஆச்சரியம்.

இவருடைய தங்கை கணக்கு டீச்சர். இருபது வருஷத்தில் பதினோரு வாடகை வீடு மாறியவள். "சுவத்துல ஒரு ஆணி அடிக்க யாரையும் கேக்கக் கூடாது அண்ணி, அவ்வளவுதான் என் ஆசை" என்பாள். சின்ன ஆசைதான். ஆனால் அண்ணன் வாய்த்திருக்கிறாரே! அவள் பார்த்த முதல் வீட்டுக்கு, பத்திரத்தில் கையெழுத்துப் போடாத ஒரு பங்காளி இருப்பதை இவர் தோண்டி எடுத்தார். இரண்டாவது வீட்டில் வண்டி நிறுத்துகிற இடம் பாதி தெருவுக்குச் சொந்தம் என்றார். இரண்டும் உண்மைதான். அதனால்தான் அவளால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

மூன்றாவதாக எங்கள் பக்கத்து வீடே விலைக்கு வந்தது. உரிமையாளர் வெளியூரில் இருந்தார். வேறொருவரும் கேட்கிறார், மாலைக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். நாத்தனார் காலையிலேயே வந்து, எந்தச் சுவரில் எந்தப் படம் என்றுகூட முடிவு செய்துவிட்டாள். இவர் பத்திரங்களைப் படித்தார். பழுதில்லை. அப்புறம் நாடாவை எடுத்தார்.

மூன்று தரம் அளந்தார். மூன்றாவது தரம் அளந்து நிமிர்ந்தபோது, திருடனைப் பிடித்த முகம்.

"ஒன்றரை அடி குறையுது. மேற்கே எல்லைக் கல் அசையாம இருக்கு. கிழக்கே நம்ம சுவர். அப்போ பத்திரத்துல இருக்கற அளவே பொய். இந்த வீடு வேண்டாம்மா."

அவள் எங்கள் வீட்டுக்குள் வந்து, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, கையிலிருந்த அளவு ஸ்கேலைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அதைச் சாக்காக வைத்து அழுதாள்.

காணாமல் போன ஒன்றரை அடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதன் மேல்தான் நான் பன்னிரண்டு வருஷமாகத் துணி துவைக்கிறேன்.

அப்போது அங்கே கம்பி வேலிதான். இவர் அளவு வேலையாக இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தார். சுவர் வைக்க வந்த கொத்தனாரிடம், துவைக்கிற கல்லுக்கு இடம் பத்தாது, கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள் என்றேன். அவரும் நல்ல மனுஷர், தாராளமாகத் தள்ளினார். இவர் திரும்பி வந்து, "நூல் பிடிச்சுத்தானே கட்டினாங்க?" என்றார். ஆமாம் என்றேன். பிடித்தார்கள்தான். எந்த இடத்தில் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊர் நிலத்தையெல்லாம் அளந்த மனுஷர் சொந்த வீட்டை அளந்ததே இல்லை.

கொல்லைக்குப் போனேன். "ஏங்க, பத்திரம் சரிதான். நம்ம சுவர்தான் தப்பு."

"அது எப்படித் தப்பாகும்?"

"நான் தள்ளிக் கட்டச் சொன்னேன்."

அவர் எங்கள் பக்கத்தை அளக்க ஆரம்பித்தார். நாடாவின் மறுமுனையை நானே பிடித்தேன். சரியாக ஒன்றரை அடி கூடுதலாக இருந்தது. இவ்வளவு நேர்மையாகத் திருடியிருக்கிறேன்!

மேஜையில் உட்கார்ந்து தாளை எடுத்தார். எழுதிக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சா, தெரியாமலா?"

முப்பது வருஷமாக எத்தனை பேருக்கு இந்தக் கேள்வியில் வியர்த்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. "தெரிஞ்சேதான்" என்றேன். வெட்கமாக இருந்தது.

எழுதி, மடித்து, எங்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தங்கையிடம் கொடுத்தார். அவள் பிரித்துப் படித்தாள். ஈரக் கண்ணோடு சிரிக்க ஆரம்பித்தவள் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தாள். அன்று மாலையே உரிமையாளருக்குச் சம்மதம் சொன்னாள்.

அடுத்த மாதம் கொத்தனார் வந்து, பழைய சுவரை இடித்துச் சரியான இடத்தில் கட்டினார். இந்தத் தடவை இவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் கல் நாத்தனார் கொல்லைக்குப் போய்விட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு தெரு வழியாகச் சுற்றிப் போய்த் துவைக்கிறேன்.

அவள் யாரையும் கேட்காமல் அடித்த முதல் ஆணியில் அந்தத் தாள்தான் தொங்குகிறது, கண்ணாடிச் சட்டம் போட்டு. நான் வாளியோடு நுழையும்போதெல்லாம் கடைசி வரியைச் சத்தமாக வாசிக்கிறாள்: "கிழக்கு வீட்டார் தெரியாமல் செய்தது."

அவர் அங்கே இருந்தால், காதில் விழாதவர் போல ஜன்னலை அளக்கிறார்.