தங்கப்பொண்ணு அக்கா நன்றி சொல்லாத நாள்

மதுரையில் அதிகமாக நன்றி சொல்கிறவர் யார் என்று போட்டி வைத்தால் தங்கப்பொண்ணு அக்காவுக்குத்தான் முதல் பரிசு. பரிசை வாங்கிக்கொண்டு, போட்டி வைத்தவருக்கு, மேடை போட்டவருக்கு, மைக் செட்காரருக்கு, நாற்காலி தூக்கிப் போட்டவருக்கு என்று வரிசையாக நன்றி சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குவார். ஹெல்மெட் போடாததற்கு அபராதம் போட்ட போலீஸ்காரருக்கே நன்றி சொன்ன மனுஷி. இப்போது சட்டமன்ற உறுப்பினர். பதவி வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அவர் எழுமலைப் பக்கத்துக்காரர். அப்பா மொக்கைச்சாமிக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்துத்தான் மகளைக் காலேஜுக்கு அனுப்பினார். படித்து முடித்த அக்கா இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனார். உசிலம்பட்டி, எழுமலை என்று ஸ்கூட்டியில் சுற்றாத தெரு இல்லை. பாலிசி எடுக்க மாட்டேன் என்ற வீட்டிலும் மோர் வாங்கிக் குடித்து நன்றி சொல்லிவிட்டு வருவார். அடுத்த தடவை அந்த வீடு பாலிசி எடுத்துவிடும். யாராவது இறந்துபோனால், குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேரும்வரை ஆபீஸ் ஆபீஸாக அலைவார். அப்படிச் சேர்த்த நல்ல பெயர்தான் அவரை முதலில் கவுன்சிலராகவும் பிறகு ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வாகவும் ஆக்கியது.

நான் அவருடைய தொகுதிகூடக் கிடையாது. பெயர் பிருந்தா. மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரக் குடும்பம். சுங்குடிச் சேலைகளை வாட்ஸ்அப்பில் விற்கிறேன். என் கணவர் வெங்கடேஷ்பாபு ஜவுளி வியாபாரி. சில வருஷங்களுக்கு முன்பு சரக்கு எடுக்க வடக்கே போனார். அவர் நின்றிருந்த சந்தையில் தீவிரவாதிகள் வைத்த குண்டு வெடித்தது. அவருடைய பையும் உடைந்த செல்போனும் கிடைத்தன. உடல்கள் அடையாளம் தெரியாதபடி சிதைந்திருந்தன. என் மாமனார் பாலசுந்தரம் அங்கே போய் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். சோதனை முடிவு வருகிற வழியாகத் தெரியவில்லை. அதுவரை அரசாங்கக் கணக்கில் அவர் காணாமல் போனவர், இறந்தவர் இல்லை.

அந்த நேரத்தில்தான் நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. எங்களுக்கு ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை. கருவைக் கலைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். ஏன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை; சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டேன். மாமியார் பத்மாசினி ஒரு பகல் முழுக்க அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன் என்று எங்கள் பாஷையில் சொல்லிச் செருப்பை மாட்டினார். அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் தனி.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மூன்று இடங்களுக்குப் போனோம், மூன்றிலும் ஒரே பாட்டுதான். புருஷன் கையெழுத்து வேண்டும். புருஷன் குண்டுவெடிப்பில் போய்விட்டார் என்றேன். அப்படியென்றால் இறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். அது இன்னும் வரவில்லை என்றேன். கவுன்டரில் இருந்த பெண் பரிதாபமாகத்தான் பார்த்தாள். பரிதாபத்தை வைத்து நான் என்ன செய்வது? நாள் தள்ளிப்போகப் போக எல்லாம் சிக்கலாகிவிடும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எங்கள் சேலை வாங்கும் ஒரு டீச்சர்தான் தல்லாகுளத்தில் இருக்கும் அக்காவின் ஆபீஸுக்குப் போகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் போனேன். மாடியில் நல்ல கூட்டம். அக்கா என்னை உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"நான் உங்க தொகுதி இல்லக்கா" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்ன தாயி, நீ வந்ததுக்கு நன்றி. உக்காரு" என்றார்.

சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எத்தன வாரம் ஆச்சு?" ஏன் கலைக்கிறாய் என்று கேட்கவில்லை. டாக்டர்கள் கேட்டார்கள், சொந்தக்காரர்கள் கேட்டார்கள், எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகக் கேட்டார். அக்கா மட்டும் கேட்கவில்லை. அந்த அறையிலேயே அவருக்கு நான் அடிமையாகிவிட்டேன் என்று சொன்னால் மிகையில்லை.

வக்கீல் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார். வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை என்றார் வக்கீல். அக்கா உடனே ஸ்கூட்டியை எடுத்தார். எம்.எல்.ஏ. ஆனபிறகு அவர் ஸ்கூட்டி ஓட்டுவது கட்சிக்காரர்களுக்குப் பிடிக்காது. நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நாங்கள் மூன்றாவதாகப் போன ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் எழுந்து நின்று வரவேற்றார், காபி வரவழைத்தார், காரியத்தை மட்டும் செய்யவில்லை. "மேடம், புருஷன் நாளைக்கு உயிரோட வந்து நின்னா நாங்க என்ன பதில் சொல்றது? துறையிலருந்து எழுத்துல வரட்டும்" என்றார்.

எனக்கு அந்தக் காபியை அவர் மேலேயே ஊற்றலாம் போல் இருந்தது. உயிரோடு வந்து நிற்கட்டுமே! என்னைவிட அதற்கு ஆசைப்படுகிறவர் யார்? அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "சட்டசபை நடந்துகிட்டு இருக்கு தாயி. சுகாதாரத் துறை விவாதத்துல எனக்கு அஞ்சு நிமிசம் தந்திருக்காக. மந்திரி மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வாரேன்" என்றார்.

விவாதம் நடந்த அன்றைக்கு மாலை சென்னையிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் அழுகைச் சத்தம்.

"பெல்லடிச்சுட்டாக தாயி."

நடந்தது இதுதான். அவருடைய உதவியாளர் பீமாராவ், சொந்த அண்ணன் மகன்தான், பேச்சை எழுதிக் கொடுத்திருக்கிறான். சபை வழக்கப்படி முதலில் கட்சித் தலைவருக்கு நன்றி, அப்புறம் மாவட்டத்துக்கு, தொகுதிக்கு, வாக்காளர்களுக்கு. அதோடு விட்டாலும் பரவாயில்லை. தாளில் இருந்ததை முடித்துவிட்டு, அக்கா தன் சொந்தக் கையிருப்பிலிருந்தும் எடுத்து விட்டிருக்கிறார். தன்னைப் படிக்கவைத்த வாத்தியார், முதல் பாலிசி எடுத்த டீக்கடைக்காரர் என்று போய்க்கொண்டே இருந்ததில் மணி அடித்துவிட்டது. என் கேள்வி தாளிலேயே தங்கிவிட்டது.

அப்போது நான் பேசியதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம் இல்லை. "எனக்கு இருக்கதே கொஞ்ச நாளு. அதையும் நீங்க நன்றி சொல்லியே தின்னுட்டீங்கக்கா" என்றேன். ஒரு எம்.எல்.ஏ.விடம் அப்படிப் பேசலாமா என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா, "நீ சொல்றது சரிதான்" என்று சொல்லி போனை வைத்தார்.

மறுநாள் காலை கேள்வி நேரம். அதை நேரலையில் காட்டுவார்கள். பீமாராவ் மெசேஜ் அனுப்பியிருந்ததால் நானும் மாமியாரும் மாமனாரும் செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பற்றிக் கேள்வி போய்க்கொண்டிருந்தது. துணைக்கேள்வி கேட்க அக்கா கையைத் தூக்கினார். பேரவைத் தலைவர் அனுமதித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பேரவைத் தலைவர் அவர்களே, நேரா கேள்விக்கு வாரேன்" என்றார் அக்கா. சபையில் சிரிப்பு. அது அடங்குவதற்குள் கேட்டுவிட்டார். "கருவைக் கலைக்க வயசு வந்த ஒரு பெண்ணோட கையெழுத்தே போதும்னு சட்டம் சொல்லுது. புருஷன் கையெழுத்து கேக்குற ஆஸ்பத்திரிகள் மேல அரசு என்ன நடவடிக்கை எடுக்கும்? குண்டுவெடிப்புல செத்துப்போன நம்ம ஆளுகளை இன்னும் காணாமப்போனவுகன்னு சொல்லிக்கிட்டு இருக்காக. அந்த மாநிலத்துகிட்ட பேசி அந்தக் குடும்பங்களுக்கு அரசு எப்ப நியாயம் வாங்கித் தரும்?"

உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். மந்திரி திணறிப்போனார். வழக்கமாக உறுப்பினர்கள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அதிகாரிகளிடமிருந்து துண்டுச்சீட்டு வந்துசேர்ந்துவிடும். அன்றைக்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை. எழுந்து நின்று அதிகாரிகள் பக்கம் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். பேரவைத் தலைவர்தான் உதவிக்கு வந்தார். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம், இரண்டாவது வேறு துறை என்றார்.

அக்கா மறுபடி எழுந்தார். "ரெண்டும் ஒரே பொண்ணோட கேள்விதாங்கய்யா. புருஷன் செத்துட்டாருன்னு ஒருத்தரும் ஒத்துக்கிற மாட்டேங்காக. அவரு வந்து கையெழுத்துப் போடணும்னு மட்டும் எல்லாரும் கேக்குறாக. அவ எங்க போவா?"

என் மாமனார் அதுவரை எங்கள் எதிரில் அழுததில்லை. அன்றைக்கு அழுதார். இந்தத் தடவை மந்திரி தயங்கவில்லை. கணவரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை, இன்று மாலைக்குள் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் சுற்றறிக்கை போகும், மற்ற விஷயத்தை முதலமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றார்.

சொன்னபடி சுற்றறிக்கை வந்தது. அதே தலைமை டாக்டர், அதே கவுன்டர். நான் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உடம்பு தேறி வீட்டுக்கு வந்தேன். எனக்கு நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்கு என்ன பாடு!

அக்காவைக் கட்சிக் கொறடா கூப்பிட்டுக் கண்டித்தார். கட்சித் தலைவர் பெயரைச் சொல்லாமல் பேசியது தப்பாம். அடுத்த கூட்டத்தொடரில் விவாதத்தில் பேச வாய்ப்பே தரவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அக்காவுக்குச் சிரிப்பு. "துணைக்கேள்விக்குக் கையத் தூக்குறத யாரு தடுக்க முடியும்?" என்றார். கூட்டத்தொடர் தவறாமல் தூக்கினார். வடக்கே அதிகாரிகள் போனார்கள், சோதனை முடிவு வந்தது, என் கணவரின் அஸ்தியும் வந்தது. வைகையில் கரைத்தோம். அக்கா வெயிலில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அந்தச் சந்தையில் ஆளைப் பறிகொடுத்த தமிழ்க் குடும்பங்களுக்காக இப்போது அங்கே கோர்ட்டில் அரசு செலவில் ஒரு வக்கீல் நிற்கிறார். வழக்கு இன்னும் முடியவில்லை. தீர்ப்பு வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் செய்வார்.

போன மாதம் மகளுக்குக் காய்ச்சல் என்று அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுன்டரில் எனக்கு முன்னால் ஒரு பெண். என்னைவிடச் சின்ன வயது, கூட யாருமே இல்லை. எதற்கு வந்திருக்கிறாள் என்பது அவள் மெதுவாகச் சொன்னதிலிருந்து புரிந்தது. கவுன்டர் பெண் ஒரு தாளை நீட்டி, "இதுல உங்க கையெழுத்துப் போடுங்க, மூணாவது ரூம்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள். யாரிடமும் கெஞ்சாமல், யாருக்கும் நன்றி சொல்ல வேண்டிய தேவை இல்லாமல், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மூன்றாவது அறைக்குப் போனாள்.